டோசர் நிஜமாகவே ஓடவில்லை

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியபோது, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பாதையின் அடிவாரத்தில் மண் தள்ளும் டோசர் ஒன்று செத்துக் கிடந்தது. கரியாலூர்ப் பாதையை அகலப்படுத்தக் காண்ட்ராக்டர் கொண்டு வந்த வண்டி. ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் உறுமும், பிறகு யாரோ கழுத்தைப் பிடித்தது போல நின்றுவிடும்.

அதைச் சரி செய்யக் கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் சுப்புராயனைக் காண்ட்ராக்டரின் ஜீப் கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தது. மறுநாள் பார்த்தால் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வெட்டியவர்களில் அவன் மனைவி அம்சவள்ளியின் தம்பி அறிவுச்செல்வனும் ஒருவன். ஜீப் திரும்பி வர வழியில்லை. சுப்புராயன் சாலைக்காரர்களின் தகரக் கொட்டகையிலேயே தங்கினான். டோசர் ஓட்டும் மார்ட்டின் சோறு பொங்கிப் போட்டான்.

வேலை ஒன்றும் புதிதல்ல என்றுதான் சுப்புராயன் நினைத்தான். டீசல் போகவில்லை, அவ்வளவுதானே. அந்த எஞ்சினின் பம்ப் மேல் கம்பி சுற்றிய ஒரு காயில் உண்டு. சாவி போட்டால் கரண்ட் வந்து அது ஒரு தண்டை உள்ளே இழுக்கும், டீசலுக்கு வழி திறக்கும். கரண்ட் நின்றால் வழி மூடிக்கொள்ளும். அதனால் முதல் காரியமாகக் காயில் ஒயரைக் கழற்றி, நுனியில் டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தான். பல்பு பளீரென்று எரிந்தது.

"கரண்ட்டு ஜோரா வருது. டீசல் பைப்புலதான் காத்து வாங்குது மார்ட்டினு, வேற ஒண்ணியும் இல்ல" என்றான்.

ஒயரை மாட்டிவிட்டு ஃபில்டரை மாற்றினான். பைப்புகளின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினான். வண்டி ஸ்டார்ட் ஆனது. சுப்புராயன் கையைத் துடைத்துக்கொண்டு பீடி பற்ற வைத்தான். பீடி முடியவில்லை, வண்டி நின்றுவிட்டது.

மறுபடி காற்று எடுத்தான், ஓடியது, நின்றது. டேங்கை இறக்கிக் கழுவினான், ஓடியது, நின்றது. ஃபீட் பம்பைப் பிரித்துப் பூட்டினான். ஒவ்வொரு முறையும் வண்டி நம்பிக்கை கொடுத்துவிட்டு நின்றது. கையெல்லாம் டீசலில் ஊறி வெளுத்துத் தோல் உரிந்தது. ஸ்பேனரை ஓடையில் வீசிவிட்டு, பிறகு அவனே இறங்கித் தேடி எடுத்து வந்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். விழுந்த மரங்களை ஏறி இறங்கி நடந்தே வந்திருந்ததால் பேண்ட் முட்டியெல்லாம் பட்டைத் தூசு.

"டோசர எடு. மரத்த எல்லாம் தள்ளணும்."

"ஓடலைங்க சார். நின்னு நின்னு போவுது."

"உன் பேரு சுப்புராயன். அறிவுச்செல்வன் உனக்கு இன்னா வேணும்?"

"பொண்டாட்டி தம்பிங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அப்ப வண்டி ஓடாதுதான்" என்றார்.

சுப்புராயனுக்குக் காதெல்லாம் சூடேறியது. டீசல் எங்கெங்கே போகிறது, எங்கே நிற்கலாம் என்று ஒவ்வொரு பைப்பாகத் தொட்டுக் காட்டிச் சொன்னான். அவர் பைப்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயங்காலத்துக்குள்ள ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமும் ஓடவில்லை.

மறுநாள் காலை அறிவுச்செல்வன் காட்டுவழியாக வந்து சேர்ந்தான். கையில் இட்லிப் பொட்டலம்.

"பலே மாமா! ஊரே உங்களப் பத்திதான் பேசிக்கினு கீது. போலீசு வந்து கேட்டும் அசையலியாமே!"

"டேய், நான் ஒண்ணும் பண்ணலடா. வண்டி நெசமாவே ஓடல."

"அப்படியே சொல்லுங்க மாமா. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்று கண்ணடித்தான் அறிவுச்செல்வன்.

சுப்புராயன் இட்லிப் பொட்டலத்தை மார்ட்டினிடம் தள்ளிவிட்டான். போராட்டம் நியாயம் என்றுதான் சுப்புராயனும் நினைத்தான். மரம் வெட்டக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பானோ என்னவோ. ஆனால் இத்தனை வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன், ஒரு பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் திணறுகிறான், அதற்கு மெச்சி இட்லி வருகிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

மறியல் முடிந்த நாள் காலை, கொட்டகைக்குப் பின்னால் அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது டோசர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வாயைக் கூடக் கொப்பளிக்காமல் ஓடி வந்தான். சீட்டில் மார்ட்டின் உட்கார்ந்திருந்தான்.

"காத்து எடுத்தியா?"

"இல்லணா. சும்மாதான் சாவியப் போட்டேன்."

எஞ்சின் நின்றது. சுப்புராயன் அசையாமல் நின்றான். காற்று எடுக்காமலே ஓடுகிறது என்றால், காற்று எடுத்ததால் ஒருநாளும் ஓடவில்லை. அவன் காற்று எடுத்து முடிப்பதற்குள் ஏதோ ஒன்று ஆறியிருக்கிறது. ஆறினால் ஓடுகிறது, சூடேறினால் நிற்கிறது. அப்படிச் சூடேறுவது டீசல் அல்ல, கரண்ட் போகிற வழி.

கொஞ்சம் பொறுத்து, இந்த முறை காயில் ஒயரைக் கழற்றாமல், மாட்டியபடியே டெஸ்ட் லைட்டை அதன் மேல் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு மெல்ல மெல்ல மஞ்சளானது, சிவந்தது. எஞ்சின் நின்றது.

"தூத்தேறி" என்றான் சுப்புராயன். தன்னைத்தான் சொன்னான்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனான். சீட்டுக்கு அடியில் ஒரு ஜாயின்ட், பச்சைக் களிம்பு பூத்து, ஓரம் கருகியிருந்தது. ஒரு சின்ன பல்பை எரிக்கும் அளவுக்கு அதில் கரண்ட் போகும். காயில் கரண்ட்டை இழுக்கும்போது சூடாகிக் கைவிட்டுவிடும். அதை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒயர் நுனிகளின் செம்பைச் சுரண்டி முறுக்கிக் கட்டினான். டோசர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மரங்களை ஆட்களே இழுத்துப் போட்டதில் இப்போது சாலை திறந்திருந்தது.

"நேத்து வரைக்கும் ஓடாத வண்டி, மறியல் முடிஞ்ச காலையில எப்படிய்யா ஓடுது?"

கருகிய ஜாயின்ட்டை நீட்டினான். அதை வாங்கிப் பார்க்காமலே ஜீப்பில் ஏறச் சொன்னார். பொழுது சாயும் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். யார் கேட்டாலும் சுப்புராயன் ஜாயின்ட் கதையையே சொன்னான். கடைசியில் ஒரு போலீஸ்காரர், "போதும்யா, தல வலிக்குது" என்று அனுப்பிவிட்டார். காண்ட்ராக்டர் அதன்பின் அவனைக் கூப்பிடவில்லை. சேலத்திலிருந்து வேறு ஆள் வந்தான்.

கள்ளக்குறிச்சியில் போராட்டக்காரர்கள் கூட்டம் போட்டு அவனை மேடையேற்றித் துண்டு போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "எனுக்குப் பழுது தெரியலங்க, அதான் நெசம்" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. வீட்டுக்கு வந்தால் அம்சவள்ளியும், "என்கிட்டயாவது உண்மையச் சொல்லக் கூடாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் பட்டறைக்கு வந்த அறிவுச்செல்வனைச் சுப்புராயன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பேட்டரி, பழைய காயில் ஒன்று, அந்தக் கருகிய ஜாயின்ட், எல்லாவற்றையும் ஒயரால் சேர்த்தான். காயிலை மாட்டாமல் பல்பை வைத்துக் காட்டினான்.

"எரியுதா?"

"எரியுது மாமா."

காயிலை மாட்டினான். "இப்பப் பாரு. பேசாதடா, பாரு."

பல்பு மங்கிக்கொண்டே வந்தது. காயில் டொக்கென்று விட்டுவிட்டது. அறிவுச்செல்வன் குனிந்து ஜாயின்ட்டைத் தொட்டான், சுட்டது. சிரிப்பு போய்விட்டது.

"அப்ப... நெசமாவே தெரியலியா மாமா?"

"தெரியலடா. மாட்டி வச்சுப் பாக்கணும்னு எனுக்குத் தோணல. முட்டாத்தனம்."

அறிவுச்செல்வன் பட்டறை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இத வெளிய சொல்லிக்கினு இருக்காதீங்க மாமா. நல்லா இருக்காது."

 சுப்புராயனுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது, ஆனால் மனசு என்னவோ லேசாகிவிட்டிருந்தது. அவன் தோற்றான் என்பது இப்போது ஒருவனுக்காவது தெரியும். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலையிலிருந்து காத்துக்கிடந்த டிராக்டர் பக்கம் போனான்.