அரியூர் நாட்டின் சிவப்பு மூடுபனி

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்கள் எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய மாபெரும் செய்தி இது: கொல்லிமலையில் சில சிற்றூர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் ஓர் ஆடி மாதக் காலையில் மூடுபனி சிவப்பாக வந்தது. குங்குமச் சிவப்பு அல்ல, மாதுளைச் சாற்றில் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தது போன்ற சிவப்பு. பால்காரர் வழக்கம்போல் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் புகுந்து போனார். மிளகுக் கொடிகள் சிவப்பில் நனைந்து நின்றன. அன்று மரவள்ளிக் கிழங்கின் விலையில் மாற்றம் ஏதுமில்லை.

பனி சிவந்ததற்குக் காரணம் சித்திகா. அடிவாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அப்பாஸ் அலியின் மகள்; மலைமேல் குடிநீர் பரிசோதிக்கும் வேலைக்கு வந்தவள். பரிசோதனைக்கூடம் என்று அரசு அழைத்தது ஓர் அறையையும், சரியாகச் சாத்த வராத ஒரு சன்னலையும். அரியூர் நாட்டுக் குழந்தைகள் அந்த வருடம் வயிற்றுப்போக்கில் வாடினார்கள். மிளகுத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெருமாயியின் மகள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர் மாதிரி சமவெளிக்குப் போய், சோதனை முடிவு மேலே ஏறி வருவதற்குள் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள், அல்லது பிழைக்காமல் போயிருப்பார்கள். ஆகவே முடிவை மலையிலேயே தெரிந்துகொள்ளத் தங்கத்தை உபயோகிக்கலாம் என்று சித்திகா அலுவலகத்தைக் கேட்டாள். தங்கம் வாங்க விதியில் இடமில்லை என்றது அலுவலகம். அவளுடைய தாய் ஜீனத் பீவி விதி எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "உங்க அத்தா பேசறதைக் கேக்க ஒரு காது போதும் கண்ணு."

தோட்டை ராஜ திராவகத்தில் கரைத்து, எலுமிச்சை அமிலத்தின் உப்பைச் சேர்த்துக் கொதிக்க வைத்தாள். மஞ்சள் வெளுத்தது, கறுத்தது, பிறகு சிவந்தது. கண்ணுக்கே எட்டாத துகளாகிவிட்டால் தங்கம் தன் மஞ்சளை மறந்து சிவந்துவிடும். அந்தத் துகள்களின் மேல் கெட்ட கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதத்தைப் பூசினாள். இனி கிருமி இருக்கும் தண்ணீரில் விட்டால் துகள்கள் அதன்மேல் ஈயாய் மொய்க்கும், சிவப்பு நீலமாகும். குடுவையில் ஒட்டிய துளி சோப்பு முதல் இரண்டு முறை காய்ச்சியதைக் கெடுத்தது. மூன்றாவது முறை சிவப்பு கலங்காமல் நின்றது. ஊற்று நீரில் விட்டாள்: சிவப்பு. சில மாதமாகவே வெள்ளோட்டமாகக் குழாய்களில் வந்துகொண்டிருந்த, மறுநாள் திறப்பு விழா காணவிருந்த புதிய மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில் விட்டாள்: நீலம்.

தொட்டியைக் கட்டிய பொறியாளர் ரமேஷ்குமாருக்குப் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்களும், பேச்சுக்கு முன்னால் ஒரு கனைப்பும் உண்டு. கனைத்தார். "உப்புப் பட்டாலும் இது நீலமாகும்மா. நானும் படிச்சிருக்கேன். இது கிருமி இல்ல, உப்பு."

"மலைத் தண்ணியில ஏதுங்க சார் அவ்வளவு உப்பு? கடல் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துச்சுங்களா?"

"நல்ல தண்ணின்னு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா கடலோரமாவே மாத்தல் வாங்கித் தரேன். அங்க உப்பு நெறைய இருக்கும்."

"அங்க போயும் சோதிப்பேனுங்க," என்றாள் சித்திகா. பேனாவை அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

அன்று மாலை மீதித் தங்கத்தையெல்லாம் காய்ச்சி, புரதம் பூசி, ஊரின் எல்லாக் கிணறுகளுக்கும் ஆகும் என்று குடுவைகளில் ஊற்றிச் சன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். கொல்லிமலைப் பனி யார் வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. உள்ளே வந்தது, குடுவைகளைக் காலி செய்தது, சிவந்து வெளியேறியது. ஒரு தோட்டின் தங்கம் ஒரு நாட்டுக்கே எப்படிப் போதும் என்று கணக்கு தெரிந்தவர்கள் பிற்பாடு கேட்டார்கள். பனிக்குக் கணக்கு தெரியாது.

விழாவுக்கு வந்தவர்கள் பார்த்தது இதைத்தான். வீடுகளின் மேலும் வயல்களின் மேலும் ஊற்றின் மேலும் பனி சிவப்பு. தொட்டியின் மேல் மட்டும் நீலம். அந்த நீலம் அங்கேயே நிற்கவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் புதைத்த வழியெங்கும் ஒரு கோடாக நீண்டு, காப்பித் தோட்டத்தைத் தாண்டி, அதிகாரிகள் வந்து தங்கும் விடுதியின் மலத்தொட்டியில் போய் முடிந்தது. சிறப்பு விருந்தினருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. காரிலிருந்து அவர் இறங்கவே இல்லை. மேடையில் ரமேஷ்குமார் தனியாக நின்றார்.

அரியூர் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் ஊர்த் தண்ணீரை வாங்கிக் குடித்த பிறகே அவர் பேச்சை ஊர் காதில் வாங்கும். ரமேஷ்குமார் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, கனைத்து, வளர்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. ஊர் தன்பாட்டுக்கு உரம் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பெருமாயி புதுக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து மேடைக்குக் கொண்டுபோனாள். சொம்புக்கு மேலே கைக்குட்டை அளவுக்கு நீலப் பனி தொங்கிக்கொண்டே போனது.

"ஏனுங்க சார், உப்புத் தண்ணி தானுங்களே. குடிங்க."

அவர் வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். சித்திகா மேடையை நோக்கி முன்னே வந்தாள். அவரை எவ்வளவுதான் பிடிக்காவிட்டாலும், அந்தச் சொம்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "குடிக்காதீங்க சார்," என்றாள் சத்தமாக. அவள் சொல்லி முடிப்பதற்குள் சொம்பு கீழே இறங்கியிருந்தது.

"நீங்க குடிக்காத தண்ணி எம்புள்ளைக்கு மட்டும் எதுக்குங்க?" என்றாள் பெருமாயி. மொத்த விழாவிலும் ஊர் காதில் விழுந்த பேச்சு அது ஒன்றுதான்.

விழா தொழில்நுட்பக் காரணங்களால் தள்ளிவைக்கப்பட்டது. பனியின் நிறம் துறையின் அதிகார வரம்புக்குள் வராது என்று ரமேஷ்குமார் அறிக்கை எழுதினார். நீலக் கோடு அதைப் படிக்காமல் விடுதி வாசலிலேயே படுத்திருந்தது. அதை மிதித்துக்கொண்டு அறைக்குப் போக எந்த அதிகாரிக்கும் மனம் வராததால், சில மாதங்களில் குழாய் வேறு வழியாகத் திருப்பப்பட்டது, மலத்தொட்டிக்குச் சிமெண்ட் பூசப்பட்டது. தொட்டியின் மேல் பனி சிவந்த அன்றுதான் சித்திகா கையெழுத்துப் போட்டாள். பெருமாயியின் மகள் அதற்குள் தேறி வந்து பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். சித்திகாவுக்குச் சொன்னபடியே கடலோரத்துக்கு மாற்றல் வந்தது. போனாள், அங்கேயும் சோதித்தாள், அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டாள். பனியை மாற்ற மட்டும் விதியில் இடமில்லை. இப்போதும் ஒவ்வோர் ஆடியிலும் சிவந்தே வருகிறது. கிணற்றின் மேல் நீலம் கண்டால் பெண்கள் அடுத்த கிணற்றுக்குப் போகிறார்கள். ஜீனத் பீவி ஒற்றைத் தோட்டோடு கல்யாண வீடுகளுக்குப் போகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், மேலே பனியில் கிடக்கிறது என்கிறார்.

போன வருடம் தொலைக்காட்சியிலிருந்து ஆட்கள் வந்து, இந்த அதிசயத்தைப் பற்றி நாட்டு மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று பெருமாயியிடம் கேட்டார்கள்.

துணி காய்வதில்லை என்றாள்.