சுருட்டைக் காயப்போட்டவள்

பெத்தணன் தன் தம்பியின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியின் முடிச்சை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தார். நீர்மாலைத் தண்ணீரில் குளிப்பாட்டியபோது நனைந்த முடிச்சு, இறுகிப்போய் அவிழ மறுத்தது.

“என்ன செய்றீக அத்தான்?” என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள்.

“கட்டை அவுக்கேன் தாயி. வாய்க்கரிசி போடுறதுக்கு முன்னாடி உன் புருசன் வாயில ஒரு சுருட்டை வச்சுவிட்டுருவோம். ஆசையோட போனான்னா அலைவாம்ல.”

இது அந்த வகையறாவின் வழக்கம். செத்தவர் எதில் உயிரை வைத்திருந்தாரோ அது உதட்டில் படாமல் அரிசி போடமாட்டார்கள். மாமனாருக்குப் பஞ்சில் நனைத்துச் சாராயம் வைத்தார்கள். சின்ன மாமியாருக்கு மூக்குப்பொடி. கிழவி எங்கே தும்மிக்கொண்டு எழுந்துவிடுவாளோ என்று பஞ்சம்மாள் அன்றைக்கு உண்மையிலேயே பயந்தாள்.

“வேண்டாம்” என்றாள் இப்போது.

பெத்தணனின் கை முடிச்சிலேயே இருந்தது.

மணிமுத்து விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவன். முந்தின நாள் மத்தியானம் கடையில் திண்டில் சாய்ந்தபடியே போய்விட்டான். சரக்கு பார்க்க வந்தவர்கள் அவன் அசந்து தூங்குவதாக நினைத்து ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்து எழுப்பினார்கள். ஹார்ட் அட்டாக் என்றார் டாக்டர். சாவில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு. கோளாறெல்லாம் வாழ்ந்ததில்தான், அதுவும் கடைசி ஒரு வருடத்தில்.

அந்த வருடத்தில்தான் அவன் பெரிய மனிதனாகிவிடுவது என்று முடிவு கட்டினான். ஒரே மகள் அருணாதேவியைச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது அவன் மண்டையில் ஏறிவிட்டது. முதலாளிகள் சாயங்காலம் கூடுகிற மனமகிழ் மன்றத்தில் எப்படியோ நுழைந்து மெம்பர் ஆனான். போய் உட்கார்ந்தால் பேச ஒன்றுமில்லை. வத்தல் வரத்து, விலை பற்றிப் பேசினால் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். சீட்டு விளையாடத் தெரியாது. பாட்டில் பக்கம் போவதில்லை. அப்போதுதான் வந்து வாய்த்தான் சண்முகவேல். காலண்டர் ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்ட், ஒரு தடவை துபாய் போய்வந்ததை வைத்தே காலத்தை ஓட்டுகிறவன்.

“அண்ணாச்சி, இதைச் சுருட்டுன்னு சொல்லாதீக. சிகார். இது கெட்ட பழக்கமும் இல்ல, ஹாபி. தபால்தலை சேக்காகள்ல, அந்த மாதிரி. முதலாளிமாரு உங்களை ஒரு பார்வை பாப்பாக.”

வீட்டுக் கூடத்தில் பாடம் நடந்தது. மணிமுத்து பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டான். நுனியைப் பல்லால் கடிக்கக் கூடாது, அதற்கென்று இருக்கிற கத்தியால் நறுக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயிலேயே வைத்திருந்து ரசித்துவிட்டு விட்டுவிட வேண்டும். சாம்பலைத் தட்டக் கூடாது, அதுவாக விழ வேண்டும். மெழுகுக் குச்சியில் பற்றவைத்தால் வாசம் கெட்டுவிடும், நீளமான மரக்குச்சிதான் ஆகும். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவனுக்குத் தீக்குச்சி கிழிக்க ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான், இவனும் தலையாட்டிக் கற்றுக்கொண்டான். தான் பிறந்த மல்லாங்கிணற்றுக் காட்டில் களைவெட்ட வந்த ஆட்கள் காதில் செருகிக்கொண்டு திரிந்த அதே சாமான்தானே இது, இடுப்பில் ஒரு ஜிகினாத் தாள் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான் என்று பஞ்சம்மாளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நாகரிகம் தெரியவில்லை என்பார்கள்.

ஒருநாள் சுருட்டு வைக்கிற மரப்பெட்டியைத் துடைக்க எடுத்தவள் திறந்து பார்த்துத் திடுக்கிட்டாள். உள்ளே ஈரமாக ஒரு ஸ்பாஞ்சு. சுருட்டெல்லாம் நமுத்துப்போய்க் கிடந்தன. இந்த ஊர்ப்பக்கம் ஈரம் என்றாலே கேடுதான். வத்தலில் ஈரம் பட்டால் பூசணம், பருப்பில் பட்டால் புழு, வெடிமருந்தில் பட்டால் தீபாவளியே புஸ்ஸென்று போய்விடும். கிறுக்குப் பய எவனோ தண்ணீரைச் சிந்திவிட்டான் என்று நினைத்தாள். ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, சுருட்டுகளை மொட்டைமாடியில் வத்தலோடு வத்தலாகப் பரப்பினாள். இரண்டு வெயில் காய்ந்ததும் பக்குவமாக எடுத்து அடுக்கிவைத்தாள். அக்கறையாகத்தான் செய்தாள். சிகார் காய்ந்துவிடாமலிருக்க வேண்டுமென்றே வைத்த ஈரம் அது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மன்றத்தில் அதைப் பற்றவைத்த மணிமுத்துவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. இருமி இருமி நாற்காலியோடு சாய்ந்தான். முதலாளிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பை யார் தலையிலாவது தள்ளிவிட வேண்டுமே.

“என் வீட்டுக்காரி வத்தலோட சேத்துக் காயப்போட்டுட்டா” என்றான்.

சிரிப்பு அப்படியே இவள் பக்கம் திரும்பியது. கதை சிவகாசியிலிருந்து பஸ் ஏறி விருதுநகர் வந்து, மல்லாங்கிணறு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும், ‘சுருட்டைக் காயப்போட்டவ வந்துட்டாப்பா’ என்று ஒரு குரல் கேட்கும். 

பிறகு புதுப் பெட்டி வந்தது, ஈர ஸ்பாஞ்சோடு, எல்லாம் முறைப்படி. அதற்கும் அவன் அப்படித்தான் இருமினான். சுருட்டு அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு வாய் இழுத்தால் குடலைப் பிரட்டும். மன்றத்தில் கையில் பிடித்தபடி பெரிய தோரணையாக உட்கார்ந்திருந்துவிட்டு, வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக் குழாயடிக்கு ஓடுவான். பஞ்சம்மாள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். தின்றதெல்லாம் வரும், பிறகு வெறும் பித்தம் வரும்.

“இந்தக் கருமத்தை விட்டுத் தொலைச்சா என்ன?”

“பழகிரும்” என்பான், மூச்சு வாங்க. “வெளிய சொல்லிராத. என் மானம் போயிரும்.”

அவன் மானம் போகாமலிருக்க அவள் மானம் போய்க்கொண்டிருந்தது. மன்றத்தில் எப்போது இருமல் வந்தாலும், “திரும்பவும் காயப்போட்டுட்டா போலருக்கு” என்பான். பிடிக்காத ஒன்றைப் பிடித்திருப்பதாகக் காட்ட இத்தனை பாடுபடுகிற மனிதனை என்னவென்று மதிப்பது? கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் வைத்திருந்த மரியாதையெல்லாம் அந்தக் குழாயடியிலேயே கழுவிக்கொண்டு போயிற்று. மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததால் அவளுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்த கதை மட்டும்தான்.

“ஏன் வேண்டாங்கா?” என்றாள் பந்தலில் இருந்த சொர்ணலட்சுமி. பெத்தணனின் மனைவி அவள், வாயில் எப்போதும் ஒரு கொடுக்கு வைத்திருப்பவள். பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல ஊருக்கே கேட்கச் சொன்னாள். “உசுரோட இருக்கையில காயப்போட்டுக் கெடுத்தா. செத்தப் பெறகும் மறிக்கா பாரேன்.”

பெண்கள் கூட்டத்தில் இரண்டு மூன்று முந்தானைகள் வாய்க்குப் போயின. அழுவதற்காகப் போகவில்லை. இழவு வீட்டிலும் சிரிப்பு வருகிறது இதுகளுக்கு என்று பஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அருணாதேவி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“அம்மா, அப்பாக்குன்னு இருந்த சந்தோசம் அது ஒண்ணுதான். அதைக்கூட உன்னால பொறுக்க முடியலையா?”

ஊர் சொன்னது எதுவும் இப்படி வலித்ததில்லை. பஞ்சம்மாள் மகளைப் பார்த்தாள். குழாயடிக் கதையைச் சொல்லிவிட வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிவகாசியிலிருந்து கார் வந்து நின்றது. சண்முகவேல் இறங்கினான், கூடவே மன்றத்து ஆட்கள் இரண்டு பேர், சலவை வேட்டியில் சுருக்கம் விழுந்துவிடாதபடி நடந்து வந்தார்கள். மணிமுத்து யாரைச் சம்பந்தியாக்க இத்தனை கூத்தும் ஆடினானோ அந்த முதலாளி வரவில்லை. சீசன் நேரமாம், லோடு ஏற்றுகிறார்களாம். மாலையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் கம்பெனியின் பெயர் போட்ட அட்டை செருகியிருந்தது. மாலையைப் போட்ட சண்முகவேல் அந்த அட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிவிட்டான்.

“மதினி, அண்ணாச்சி மாதிரி ரசிச்சுக் குடிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல” என்று சண்முகவேல் மூக்கை உறிஞ்சினான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் குழாயில் அடைத்த சுருட்டு ஒன்றை எடுத்தான். “கடைசியா ஒண்ணு, என் கையால வச்சுவிடுதேன்.”

“அவ வேண்டாங்கா” என்றார் பெத்தணன்.

“ஏன்?”

மன்றத்து ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. இன்னொரு கதை கிடைக்கப்போகிறது, சாயங்காலத்துக்கு ஆச்சு என்று காத்திருக்கிற முகம். 

அவுகளுக்கு அது ஒத்துக்காது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் சொர்ணலட்சுமியின் வாய் அடைந்துவிடும். மகள் தன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். ‘காயப்போட்டவ’ என்கிற பெயர் இன்றோடு ஒழியும். ஆனால் இந்த இரண்டு வேட்டிகளும் அதை எடுத்துக்கொண்டு கார் ஏறும். பிணம் வேகுமுன் மன்றத்தில் சீட்டுக்கு நடுவே சிரிப்பு எழும்: சுருட்டு குடிக்கத் தெரியாமலே ஒரு வருசம் நம்மோடு உட்கார்ந்திருந்தானாமே மிளகாய்க்காரன்.

அவனைக் கேவலமாக நினைக்க அவளுக்கு உரிமை இருந்தது. பித்தத்தைக் கழுவி, வாயைத் துடைத்துவிட்டுச் சம்பாதித்த உரிமை. இவர்களுக்கு என்ன இருக்கிறது?

“தள்ளுங்க அத்தான்” என்றாள். பெத்தணனின் கையை விலக்கிவிட்டுத் தானே குனிந்து முடிச்சில் பல்லை வைத்தாள். ஒரு இழுப்பில் அவிழ்ந்தது. “துக்கத்துல நாந்தான் என்னமோ உளறிட்டேன். வைங்க. அவுகளுக்கு இது இல்லாம ஒரு சாயங்காலம் கழியாது. நல்லாப் பத்தவைங்க, அரைகுறையாப் பத்துனா அவுகளுக்குப் பிடிக்காது.”

மன்றத்து ஆள் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

மரக்குச்சி யாரிடமும் இல்லை. பந்தல்காரன் கொடுத்த சாதாத் தீப்பெட்டியில் சண்முகவேல் கிழித்தான். தன் வாயில் வைத்து இழுத்துப் பற்றவைக்கும்போது புகை நெஞ்சுக்குள் போய்விட்டது. கண் பிதுங்க இருமினான். பாடம் நடத்திய வாத்தியார்!

“காஞ்சுபோச்சு போல” என்றான், சமாளிப்பாக.

எல்லோரும் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுருட்டை விறைத்த உதடுகளுக்கு நடுவே செருகினார்கள். பெத்தணன் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே கொட்டுக்காரர்கள் தொடங்கினார்கள். காற்றே இல்லை. புகை மேலே எழும்பாமல் மணிமுத்துவின் கன்னத்தில் படிந்து, பஞ்சு வைத்த மூக்கைச் சுற்றி நின்றது.

பஞ்சம்மாள் முந்தானையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே வீசினாள். புகை அந்தப் பக்கம் கலைந்தது, திரும்ப வந்தது. திரும்ப வீசினாள். 

“ஈ மொய்க்குதாம்மா?” என்றாள் அருணாதேவி.

“ஆமாத்தா.”

ஒரு ஈயையும் காணோம். அருணாதேவி அப்பாவின் மூக்கைச் சுற்றி நின்ற புகையையும் அதை விரட்டுகிற அம்மாவின் கையையும் பார்த்தாள். பிறகு துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவளும் தன் பக்கத்திலிருந்து வீச ஆரம்பித்தாள்.