எஃப் டிரைவுக்குள் போன கல்யாணம்

மூன்று நாளாக மேல்வீட்டுப் போட்டோக்காரர் என்னை மாடிப்படியில் கண்டாலே செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்கிறார். எனக்குப் பொறுக்குமா? எப்போதோ இரவல் வாங்கிய ஸ்டூலைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஏறிப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி கொட்டிவிட்டாள். "அக்கா, உங்க தங்கச்சி கல்யாணப் படம் ஒண்ணுகூடக் காணோமாம். கேமரா கார்டையும் அழிச்சிட்டாரு. உங்க மூஞ்சில முழிக்கப் பயந்துக்கிட்டு சரியாச் சாப்பிடக்கூட இல்ல."

ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக என்னோடு பேசாத அண்ணன், என் பக்கத்தில் நின்று சிரித்த ஒரே படம் அதில்தான் இருந்தது.

பிறகு எழுந்து உள்ளே போனேன். அவளுடைய தம்பி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான், பக்கத்தில் போட்டோக்காரர். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பதால் 'நோண்டி' என்பது அவனுக்கு மாமா வைத்த பெயர்.

"நாலு டிஸ்கையும் ஒண்ணாச் சேர்த்து எம்-னு ஒரே டிரைவாப் பண்ணிக் கொடுத்தேனே மாமா, நீங்க எதுல போட்டீங்க?"

"எது காலியா இருந்துச்சோ அதுல. எஃப்."

"அது அந்த நாலுல ஒண்ணு. அதுல நேராப் போட்டா எம்-ல தெரியாது."

"அப்புறம் எதுக்குடா அதைக் கண்ணுல காட்டி வச்சிருக்கே?"

நியாயமான கேள்வி. நோண்டி எஃப்பைத் திறந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் எம்முக்கு மாற்றினான். பிறகு சி டிரைவில் நாலு காலி ஃபோல்டர் உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க் திறக்கும்படி செய்தான். டிஸ்குகளுக்குப் பெயராக இருந்த எஃப் போன்ற எழுத்துகளை எடுக்கப் போனான்.

போட்டோக்காரர் அவன் கையைப் பிடித்தார். "எழுத்தை எடுத்தா உள்ள இருக்கிறது போயிடுமேடா!"

"வாசலைத்தான் மாமா மாத்துறேன், வீட்டை இடிக்கல. நான் பார்க்கணும்னா அந்த ஃபோல்டர் வழியாப் போய்க்குவேன். உங்களுக்கு எம் மட்டும் போதும்."

திரையில் மிஞ்சியவை சியும் எம்மும்தான். போட்டோக்காரர் விரலால் தொட்டு எண்ணினார். "நீ நல்லா இருக்கணும்டா," என்றார். நோண்டி என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

அவனை வேலைவெட்டி இல்லாதவன் என்று தெரு முழுக்கச் சொன்ன வாய் என்னுடையது. அதே வாயால், "ரொம்ப நன்றிப்பா," என்றேன்.

அண்ணன் படத்தில் கண்ணை மூடியிருந்தான். பரவாயில்லை, சிரிப்பு இருந்தது. ஃபோனில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், கையில் ஸ்டூல்.