இரண்டாவது கன்று

வட்டமாக உட்கார்ந்திருந்த பதினொரு பேரில் ஒருவர் எதிர்த்துக் கை தூக்கியிருந்தாலும் அந்தத் தீர்மானம் நின்றுபோயிருக்கும். எங்கள் பண்ணையின் விதி அது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

பண்ணையை ஆரம்பித்த வினுதா பேசினாள். "பெங்களூர்ப் பிள்ளைங்க கன்னுக்குட்டிக்குக் குக்கின்னு பேரே வெச்சிட்டாங்க. அடுத்த வருஷம் வந்து எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது? கெம்பம்மாகிட்ட குடுத்தா, ஒரு கஷ்டம்னு வந்தா வித்துருவா. நான் தப்பா சொல்லல, அவ நிலைமை அப்படி. குக்கி நம்ம எல்லாருக்கும் சொந்தம்."

அந்த எல்லாரில் கெம்பம்மா இல்லை. கூலிக்கு வருகிறவர்களுக்கு வட்டத்தில் இடம் கிடையாது. அந்நேரம் அவள் பின்கட்டில் நாற்பது பேருக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் மாடு வாங்கியபோது எங்களுக்குத் தொழுவம் இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த கெம்பம்மாவின் வீட்டில் கட்டினோம். ஹுணசூர்ப் பக்கத்து வழக்கம்: மாடு உங்களது, பாடு என்னுது, முதல் கன்று உங்களுக்கு, இரண்டாவது எனக்கு. காகிதம் கீகிதம் ஒன்றும் கிடையாது. பண்ணை சார்பில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டவன் நான். முதல் ஈற்று காளை, அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இரண்டாவது கிடாரி. அது பிறந்த அன்று கெம்பம்மா ஓடிவந்து சொன்னதை நான் மறக்கவில்லை. "இனிமே டெய்ரியில என் பேர்ல பால் ஊத்துவேன் மேஷ்ட்ரே. உங்க பேரச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

வருகிற ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஏதாவது ஒரு பிராணிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்ற பாடமும் என் மூளையில் உதித்ததுதான். பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் பாடம் ஏறும் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கோழிகளை விட்டுவைத்தேன்.

வினுதா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். கடைசியில் என் முகத்தை. எனக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு, சுற்றி உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்கும் பிள்ளைகள். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வெளியே இதையெல்லாம் யார் தருவார்கள்? என் கை முழங்கால் மேலேயே கிடந்தது.

"நீங்க போய்ச் சொல்லுங்க மேஷ்ட்ரே. நீங்க சொன்னா கேப்பா" என்றாள் வினுதா.

சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். புதுத் தொழுவம் கட்டி முடித்ததும் தாய்மாட்டைப் போன வாரமே ஓட்டி வந்துவிட்டோம். எட்டு மாதக் கிடாரி மட்டும் கெம்பம்மா வீட்டுப் புங்க மரத்தில் கட்டியிருந்தது. அவள் அதன் காதில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேஷ்ட்ரே. நாளைக்கு எந்த ஸ்கூலு? இதக் குளிப்பாட்டிக் கொண்டாரணுமா?"

வழியெல்லாம் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. விரல்கள் நின்றன.

"வட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கை தூக்கினீங்களா?"

"ஒருத்தன் தூக்கி என்னம்மா ஆகப் போகுது?"

அவள் சிரித்துவிட்டாள். "அந்தக் கூடத்த தினம் பெருக்கறவ நான். செவுத்துல இருக்கறத என் மக படிச்சுச் சொல்லியிருக்கா. ஒரு கை போதும்னுதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

நான் புங்க மரத்தைப் பார்த்தேன்.

"வித்துருவேன்னு சொன்னாங்களாக்கும்? வித்தாத்தான் என்ன? எங்க மாமனாரு நெலத்த விக்கலைன்னா அந்தம்மாவுக்குப் பண்ணை ஏது?"

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள், முழங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்க."

"கயிறு?"

"கயிறு என்னுது. மாடு போனாலும் கயிறு வீட்ட விட்டுப் போகக் கூடாது. புடிச்சுட்டுப் போறவங்கதான் புதுக் கயிறு கொண்டாரணும். இதெல்லாம் நீங்க பிள்ளைங்களுக்கு எடுக்கற பாடந்தானே மேஷ்ட்ரே?"

சுருட்டிய கயிற்றோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்று அந்தக் கதவருகே போய் நின்றது. தள்ளினேன், இழுத்தேன், புல்லைப் பிடுங்கிக் காட்டினேன். அசையவில்லை. கடைசியில் என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன் கழுத்தில் மாட்டினேன்.

வாய்க்கால் கரையில் ஏறியதும் அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டு கத்தத் தொடங்கியது. ஒரு கையால் பெல்ட்டையும் ஒரு கையால் நழுவும் பேண்ட்டையும் பிடித்துக்கொண்டு நான் இழுத்தேன். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.