மூன்று தடவை கேட்டவன்

காது புளித்துப்போச்சு என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். கசோண்டேக்கு அது மெய்யாகவே நடந்திருந்தது. பதினோரு வருஷமாக மாதத்துக்கு ஒரு ஆல்பம். ஒவ்வொன்றும் அவன் முன்பின் கேட்டிராதது, ஒவ்வொன்றும் இன்னொருவர் 'இது என் உசிரு' என்று நெஞ்சில் கை வைத்துக் கொடுத்தது. இப்படி நூற்று முப்பது உயிர்களைக் கேட்டு மார்க் போட்டு முடித்த மனுஷனுக்கு, மினிபஸ் ஹாரன் கேட்டால்கூடப் பத்துக்கு எத்தனை என்றுதான் மனசு போகிறது.

கிட்வே நகரத்துச் சிசோகோனே சந்தையில் பழைய துணி மூட்டை வியாபாரம் அவனுக்கு. மூட்டையைப் பிரிக்காமலே, ஓரத்துத் தையலை விரலால் நெருடிப் பார்த்து, உள்ளே இருப்பது குளிர்கோட்டா கோடைச் சட்டையா என்று சொல்லிவிடுவான். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அந்தப் புத்திதான் அவனைக் கெடுத்தது.

சங்கத்துக்குப் பெயர் வெறுங்காது சங்கம். பதினாலு பேர். சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் கோயில் சட்டம் மாதிரி. சீட்டு எடுத்து யாருக்கு யார் என்று முடிவானதும், கொடுப்பவர் தன் இசைத்தட்டைப் பழுப்புத் தாளில் சுற்றி, நடுவில் இருக்கும் பெயர் வட்டத்தின் மேலும் தாள் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். பெயரும் படமும் பார்த்து யாரும் மயங்கக் கூடாது, காது மட்டும் பேச வேண்டும். வாங்கியவர் முழுசாக மூன்று தடவை கேட்க வேண்டும். தட்டைத் திருப்பிப் போடுவதற்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது. பிறகு சங்கத்தில் எழுதி வாசித்து மார்க் போட வேண்டும். அப்போது கொடுத்தவர் வாயே திறக்கக் கூடாது. தன் உயிரை இன்னொருவன் கிழித்துத் தோரணம் கட்டினாலும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். திறந்தால் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கோழி அபராதம்.

அந்தச் சங்கத்தில் கசோண்டேயின் பேச்சுக்கு ஒரு விலை இருந்தது. அவன் ஆறு போட்டால் அது மற்றவன் போடும் எட்டு. ஏழுக்கு மேல் அவன் போட்டதே கிடையாது. 'கசோண்டே தராசு' என்றே சொல்வார்கள். அந்தத் தராசுதான் நாலு மாதமாகக் கள்ளத் தராசாகிவிட்டது. அது அவனுக்கு மட்டும் தெரியும். மார்ச்சில் ஆரம்பித்தது. முதல் பாட்டைக் கேட்டான், இரண்டாவதில் பாதி கேட்டான், தையலை நெருடிவிட்டான், மிச்சத்தை ஊகித்தே எழுதிவிட்டான். வாசித்தான். தலையாட்டினார்கள். அடுத்த மாதமும் அப்படியே. நாலு பேரின் உயிரை மூட்டை பிரிக்காமலே விலை பேசியிருந்தான்.

ஜூலையில் ஒரு முடிவுக்கு வந்தான். இந்த ஒன்றோடு நிறுத்திவிட வேண்டும். பிடிபடுவதற்கு முன்னால், பேர் நன்றாக இருக்கும்போதே, 'உடம்புக்கு முடியலை' என்று ஒதுங்கிவிட வேண்டும். வியாபாரத்தில் எப்போது விற்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு எப்போது கடையைச் சாத்த வேண்டும் என்று தெரியாதா? கடைசியாக எழுதுவதையாவது நியாயமாக எடை போட்டு எழுதலாம் என்று நினைத்தான்.

அந்த மாதம் அவனுக்கு வந்தது இனோங்கே டீச்சரின் தட்டு. மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுப்பவள். சங்கத்தில் அதிகம் பேசாதவள்.

அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் அது. கரெண்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், அதுவும் ஊரே தூங்கும்போது. கசோண்டே கார் பேட்டரி ஒன்று வாங்கி வைத்திருந்தான். தட்டுச் சுற்றும் பெட்டியின் கம்பியை அதில் மாட்டினால் போதும், பாடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கப்பெண்டாக் கருவாடும் ந்ஷிமாக் களியும் சாப்பிட்டுவிட்டு, கொட்டாவியோடு முதல் தடவை கேட்டான். புரியாத பாஷை. ஆண்குரல். ஏதோ கனத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிற குரல். கொட்டாவி பாதியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தடவை. வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை. கடைசிப் பாட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. எத்தனை வருஷமாயிற்று இப்படி உட்கார்ந்து!

சனிக்கிழமைக் கூட்டம் வழக்கம்போலச் சிச்சோனேயின் பேட்டரிக் கடையில். அமில வாசனை, சுற்றிலும் கறுப்புப் பெட்டிகள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சிச்சோனே உரக்கப் பேசுகிற ஆள், மே மாதம் கசோண்டேயிடம் மூன்று மார்க் வாங்கியவன். இன்னும் அது அவனுக்கு ஆறவில்லை.

"வா யோவ், வா. தராசைக் கொண்டாந்தியா, இல்ல சந்தையிலயே வச்சிட்டு வந்தியா?"

"உன்னை நிறுக்கணும்னா லாரித் தராசு வேணும்யா. அதான் விட்டுட்டு வந்துட்டேன்."

தலைவர் கதோங்கோ கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையைத் தட்டினார். "சண்டையைக் கோழி தின்னும்போது வச்சிக்குங்க. கசோண்டே, வாசிப்பா."

கசோண்டே தாளைப் பிரித்தான்.

"இந்த மனிதன் யாரென்று எனக்குத் தெரியாது. முதல் தடவை கேட்டபோது, மனைவி கோபித்துக்கொண்டு போன வீட்டில் தனியாகச் சமைக்கிறவன் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கேட்டேன். மனைவி கோபித்துக்கொண்டு போகவில்லை, செத்துப்போய்விட்டாள். மூன்றாம் தடவை கேட்டேன். குழிமேட்டிலிருந்து எல்லாரும் திரும்பிவிட்டார்கள், இவன் மட்டும் மண்வெட்டியோடு நிற்கிறான். நூற்று முப்பது ஆல்பம் கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க இளைத்துப்போகிற பாட்டுதான் எல்லாம். கேட்கக் கேட்க இப்படிக் கனத்துப்போகிற பாட்டை நான் கேட்டதில்லை. ஒன்பது."

கசோண்டே ஒன்பதா! யாரோ விசிலடித்தார்கள். கதோங்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனோங்கே டீச்சர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கோழி இன்றைக்கு என்ன விலை!

"ஒன்பது வாங்கின மகராசன் குரலை நாமளும் கேப்போம்" என்றார் தலைவர். வாசித்து முடித்ததும் பெயர் வட்டத்தின் மேல் ஒட்டிய தாளைக் கிழித்து, எல்லாருக்குமாக ஒரு பாட்டுப் போடுவது வழக்கம். சிச்சோனே தன் கடையின் பெரிய பேட்டரி ஒன்றில் கம்பியை மாட்டினான். ஊசி இறங்கியது.

ஒரு பெண் பாடினாள்.

கல்யாண வீட்டில் பாடுகிற மாதிரி, கூடவே கைதட்டலும் சிரிப்புமாக, துள்ளிக்கொண்டு பாடினாள். பின்னால் கிட்டார் கோழிக்குஞ்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்று தலையும் மெல்லத் திரும்பிக் கசோண்டேயைப் பார்த்தன.

"மனைவி செத்தவன் நல்லா இருக்கானே!" சிச்சோனே தொடையைத் தட்டினான். "குழிமேட்டுல டான்ஸ் வேற ஆடுறான்! யோவ், நீ கேக்கவே இல்ல. தட்டைப் பிரிக்காமயே எழுதிட்ட. எனக்கு மூணு மார்க் போட்டியே, அதையும் இப்படித்தானே போட்ட?"

கசோண்டே தன் தாளைத் தூக்கிக் காட்டினான். "கேட்டேன். மூணு தடவை கேட்டேன்யா."

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியாத காதை வச்சிக்கிட்டா பதினோரு வருஷம் எங்களை அறுத்த?"

கதோங்கோ சட்டப் புத்தகத்தை எடுத்துவிட்டார். கேட்காமல் எழுதியது நிரூபணமானால் பெயரை அடித்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. இதுவரை ஒருவர் பெயரும் அடித்ததில்லை. "கசோண்டே, நீ ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கோர்ட்டுக் குரலில் கேட்டார்.

என்ன சொல்வது? கள்ள எடை போட்ட நாலு மாதம் மாலை மரியாதை. ஒழுங்காக எடை போட்ட ஒரே மாதம் போலீஸ். தண்டனை சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது, தேதிதான் தப்பு. பேசாமல் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு அலுப்பு.

"இருங்க" என்றாள் இனோங்கே.

"டீச்சர், வாயைத் திறந்தா ரெண்டு கோழி" என்றார் தலைவர்.

"எழுதிக்குங்க. ரெண்டு கோழி." எழுந்து வந்து கசோண்டேயின் கையிலிருந்த தாளை வாங்கினாள். "முதல் தடவை சோகம், ரெண்டாவது தடவை சாவு, மூணாவது தடவை குழிமேடு. கேக்கக் கேக்க கனத்துச்சுன்னு எழுதியிருக்கார். ஒரே தட்டு எப்படி மூணு தடவையும் மூணு மாதிரி கேக்கும்? அண்ணே, கரெண்ட்ல கேட்டீங்களா, பேட்டரியிலயா?"

"பேட்டரிதான் டீச்சர்."

"நடுவுல சார்ஜ் போட்டீங்களா?"

"கரெண்ட் எங்க வந்துச்சு? ராத்திரி ஒரு மணிக்கு வர்றதுக்கு யாரு முழிச்சிருக்கிறது?"

"அதான். பேட்டரி சாகச் சாக தட்டு மெதுவாச் சுத்தியிருக்கு. பொம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாயிருக்கு, கல்யாணப் பாட்டு எழவுப் பாட்டாயிருக்கு. கடைசியாக் கேட்டது முதல்ல கேட்டதைவிட மெதுவுன்னு, மூணு தடவையும் கேட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். தலைவரே, இவர் தப்பாக் கேட்டிருக்கார். ஆனா கேட்டிருக்கார்." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்: "பேட்டரி யார்கிட்ட வாங்கினதுண்ணே?"

கசோண்டே சிச்சோனேயைப் பார்த்தான். எல்லாரும் சிச்சோனேயைப் பார்த்தார்கள்.

"புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தான்" என்றான் கசோண்டே.

"புது மாதிரின்னுதான் சொன்னேன்" என்றான் சிச்சோனே, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போது எழுந்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "அந்த ஒன்பது மார்க் என் ஆல்பத்துக்கு இல்லப்பா, சிச்சோனேயோட பேட்டரிக்கு" என்றாள் டீச்சர். கதோங்கோ புத்தகத்தை மூடினார். எழுந்து வந்து கசோண்டேயின் தோளைத் தொட்டார். "செத்துக்கிட்டிருந்த பேட்டரியில மூணு தடவை உக்காந்து கேட்டிருக்கான். இவனைப் போயா சந்தேகப்பட்டோம்? இதுக்குப் பேர்தான்யா காது."

முதுகில் தட்டினார்கள். கையில் ஒரு குவளை முன்கோயோ பானத்தைத் திணித்தார்கள். பேர் மட்டுமா தப்பித்தது, பெருத்தும்விட்டது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'உடம்புக்கு முடியலை, இதோட நிறுத்திக்கிறேன்.' இதைவிட நல்ல விலைக்குக் கடையைச் சாத்த முடியாது.

குவளையை வாயருகே கொண்டுபோனான். குடிக்காமலே கீழே வைத்தான். பொய்யைச் சுமக்கவும் தெம்பு வேண்டும். வாழ்நாள் முழுக்க இந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இவர்களை ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் சிரிக்க வேண்டும். அத்தனை தெம்பு அவனிடம் இல்லை.

"தலைவரே," என்றான், "இதை மூணு தடவை கேட்டேன். முன்னாடி நாலை ஒரு தடவைகூட முழுசாக் கேக்கலை."

சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த நாலு?" என்றார் கதோங்கோ. அந்த நாலில் அவருடையதும் ஒன்று. எங்கேயோ பனி பெய்யும் ஊரின் பித்தளை வாத்தியக் குழு. நாலு மார்க் வாங்கியிருந்தது. அன்றைக்கு வாயைத் திறந்ததற்காக அவர் கோழி வேறு வாங்கினார்.

"மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ரெண்டு பாட்டுக் கேட்டுட்டு மிச்சத்தை ஊகிச்சு எழுதினேன்."

"சொன்னேன்ல!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்த சிச்சோனே, தன் பேட்டரி ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

கதோங்கோ புத்தகத்தை மறுபடி திறந்தார், அந்தச் சட்டத்தை விரலால் தொட்டுப் படித்தார், பிறகு மூடினார். "பேரை அடிக்கலை. அடிச்சா நீ வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவ. நாலையும் கேளு. ஒவ்வொண்ணையும் மூணு தடவை. பன்னண்டு. டீச்சரோடதையும் சரியான வேகத்துல மூணு தடவை. மொத்தம் பதினஞ்சு. எல்லாத்தையும் எழுதி வாசி. அப்புறம் போறதுன்னா போ."

நிறுத்திக்கொள்ளப்போகிறான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? முப்பது வருஷம் கோர்ட்டில் பொய் கேட்ட காது.

மறுநாள் மத்தியானம் கசோண்டே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் சிச்சோனே பேசாமல் மாற்றிக் கொடுத்த பேட்டரி. இதை அவன் புதுசு என்று சொல்லவில்லை, அதனால் நம்பலாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினான். நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றும் கொஞ்சமும். வேகம் சரி, எடை சரி.

பனி ஊரின் பித்தளை வாத்தியம் ஊத ஆரம்பித்தது. முதல் பக்கம் முழுக்க ஊதினார்கள். எழுந்து திருப்பிப் போட்டான். இரண்டாம் பக்கமும் ஊதினார்கள். ஒரு இடத்தில், நாலாவது பாட்டின் நடுவில், யாரோ மூச்சு வாங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி ஊதினார்கள்.

நாலு மார்க்தான். அன்றைக்கு ஊகித்துப் போட்டது சரியான எடைதான், குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு எந்தச் சுகமும் இல்லை. அந்த மூச்சு வாங்குகிறவனைத்தான் அவன் அன்றைக்கு ஊகிக்கவில்லை.

ஊசியைத் தூக்கினான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டான். இன்னும் பதினாலு.