ஞாயிற்றுக்கிழமை மருந்து

என் தங்கை புருஷன் அழகுராஜா குடித்தே செத்தான் என்று எங்கள் சொந்த ஊர் எழுமலை முழுக்கப் பேசுகிறார்கள். பேசுகிற வாயை எல்லாம் ஊசி நூல் எடுத்துத் தைக்க வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் நான் வாய் திறப்பதில்லை.

மாப்பிள்ளை குடித்தது வாரத்துக்கு ஒரே கிளாஸ். அமெரிக்காவிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்த போர்பன் விஸ்கி. மதுரையில், தல்லாகுளம் வீட்டு மாடியில் தொட்டி வைத்துப் புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் வளர்த்தான். ஞாயிறு மத்தியானம் அந்த இலைகளைச் சர்க்கரையோடு நசுக்கி, ஐஸை உடைத்துப் போட்டு, விஸ்கியை ஊற்றிக் கலக்குவான். மகள் சரண்யாதேவிக்குத் தெரியக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு வைத்த பெயர் ‘மருந்து’. அது எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு என் தங்கை நாகஜோதி போனில் அலறினாள். “அண்ணே, அவரு மருந்து குடிச்சுட்டு மாடிப்படியில விழுந்துட்டாரு. பேச்சு மூச்சில்ல. ஓடியாண்ணே!”

எங்கள் ஊரில் மருந்து குடித்தான் என்றால் பூச்சிமருந்துதான். எங்கள் அப்பா பருத்திக்கு வாங்கியதைக் குடித்துத்தான் போனார்.

அடுத்த தெருவில்தான் என் வீடு, ஓடினேன். அவள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். படியில் மாப்பிள்ளை கிடந்தான். பக்கத்தில் கிளாஸ், அடியில் நசுங்கிய பச்சை இலை, சரக்கு வாடை. அரளியை அரைத்துச் சரக்கில் கலந்துவிட்டான் பாவி என்றே நினைத்தேன். அப்பாவுக்குச் செய்ய முடியாததை இவனுக்காவது செய்துவிட வேண்டும் என்று பதறினேன். விஷத்தைக் கக்கட்டும் என்று துணிசோப்பைக் கரைத்து, தாடையைப் பிடித்து, ஒரு சொம்பு ஊற்றினேன். இருமினான். வாந்தி வருகிறதென்று இன்னும் ஊற்றினேன்.

நாகஜோதி வந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

“என்னண்ணே பண்ற? அது புதினாண்ணே! விஸ்கி! கால் வழுக்கித்தான் விழுந்தாரு!”

மூன்றாம் நாள் போய்விட்டான். தலைக்காயத்துக்குப் பிழைத்திருப்பான், நுரையீரலுக்குள் போன சோப்புத் தண்ணீர்தான் ஆளை முடித்தது என்றார் டாக்டர். “யார் குடுத்தது?”

நாகஜோதி என் பக்கம் திரும்பவே இல்லை. “போதையில அவரே எடுத்துக் குடிச்சுட்டாரு சார்.”

காரியம் முடிந்த அன்று சரண்யாதேவி மாடியில் புதினாத் தொட்டி ஓரம் நின்றாள்.

“மாமா, எங்கப்பா அம்புட்டுக் குடிப்பாராக்கும்?”

தங்கை படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா தாயி” என்றேன்.