சவுண்டுக்கு ஒரு பாட்டுச் சந்தா

தறி மில்லின் இரைச்சலிலேயே வயதைக் கழித்ததில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்வார். தெருவில் அவருக்குப் பெயர் சவுண்டு. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்துதான் பாட்டு ஆப் ஒன்று மாதாமாதம் பணம் பிடித்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவள் அவர் மனைவி. போனில் வந்த ஏதோ விளம்பரத்தை மூடப்போய், 'இலவசமாகக் கேளுங்கள்' என்பதை அவர் அழுத்தியிருக்கிறார். இலவசம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்கிவிட்டது. நிறுத்த வழி தேடி அவளுக்குக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். வங்கியில் கேட்டால், "அனுமதி குடுத்தது நீங்கதானே, நாங்க என்ன பண்றது?" என்று கையை விரித்தார்கள்.

அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியின் கணக்கர், "சொல்லாம கொள்ளாம காசு பிடிச்சா நுகர்வோர் சட்டத்துல கேக்கலாம்மா" என்று மனு எழுதிக் கொடுத்தார். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நடந்தாள். ஒருமுறை எதிர்த்தரப்பு வரவில்லை. ஒருமுறை நீதிபதி விடுப்பு. போன நாளெல்லாம் சம்பளம் பிடித்தார்கள்.

கடைசியாக ஆப் கம்பெனியின் வக்கீல் வந்தார். வராந்தாவிலேயே அவளை மடக்கினார்.

"இழுத்தா வருஷக்கணக்குல இழுக்கும்க்கா. ரெண்டு மாசக் காசைத் திருப்பித் தர்றோம். மீதிக்கு ஒரு வருஷம் இலவசமா பாட்டு கேளுங்க. சமரசமா முடிச்சுக்கலாம்."

"அவருக்குக் காதே கேக்காதுங்க."

"வீட்டுல வேற யாராவது கேக்கலாமே?"

"எங்களுக்குப் பாட்டே வேணாம். அதை நிறுத்தினா போதும்."

"நிறுத்தறது ஆப்ல நீங்களேதான் பண்ணணும். அது என் கையில இல்லைக்கா."

அடுத்த வாய்தாவுக்கும் லீவு கேட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த கணவரை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் போனுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் இலவச ஆண்டு தொடங்கியது. முடிந்ததும் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும்.'

"என்னடி ஆச்சு? ஜெயிச்சுட்டமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எங்கே தொடங்கி, எப்படிச் சைகையில் சொல்வது? அவள் தலையாட்டினாள்.

"ஜெயிச்சுட்டோம் தம்பி! கம்பெனிக்காரன் மேல கேஸ் போட்டா என் பொண்டாட்டி!" என்று அவர் கண்டக்டரின் தோளைத் தட்டினார்.

"கெட்டிக்காரிதான்மா நீங்க" என்றார் முன்சீட்டு அம்மா.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.